குதிரைக் குளம்புக்கு வீட்டிலேயே அரம் போடலாம்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில் எத்தனை, கழுத்தில் எந்தப் பக்கம், வயிற்றில் உண்டா என்று நெடுநேரம் ஆராய்வார்கள். அடுத்து பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள். காதின் வளைவு, வாலின் நீளம், நடையின் எடுப்பு எல்லாம் பார்த்த பிறகு விலை பேசுவார்கள். நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, குளம்பின் அடிப்பக்கத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் மிகச் சிலரே. சுழி சரியில்லாத குதிரை வண்டி இழுக்கும். குளம்பு சரியில்லாத குதிரை இழுக்காது.

அப்படி வாங்கிய ஒரு குதிரை கோவை உக்கடத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக் கொள்வோம். பெரியகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்து. சிமெண்டுத் தரை போட்ட சிறு கொட்டகை. முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை ஊர்வலம், கோயில் விசேஷம். மற்ற நாட்களில் கட்டிப் போட்டுத் தீனி. மூன்று மாதம் போனால் குளம்பின் நுனி ஏறக்குறைய ஓர் அங்குலம் முன்னால் நீண்டிருக்கும். ஓரம் பிளந்து சில்லுச் சில்லாக உதிரும். குதிரை நடக்கும்போது கால் தட்டும். அப்போதுதான் அதன் சொந்தக்காரர் லாடக்காரரைத் தேடிப் புறப்படுவார்.

லாடக்காரர் எங்கே?

ஊருக்குள் ஜட்கா ஓடிய காலத்தில் இந்தக் கவலை இல்லை. ரயிலடியில் வண்டி நிற்கும். வண்டிக்காரருக்குத் தெரிந்த லாடக்காரர் அருகிலேயே இருப்பார். ஜட்கா போயிற்று, அந்தத் தொழிலும் கூடவே போயிற்று. 2012ல் நாடு முழுவதும் சுமார் 6 லட்சத்து 25 ஆயிரமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும், 2019ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்திருந்தன. குதிரை குறைந்தால் லாடக்காரரும் குறைவது இயற்கை.

கொங்கு நாட்டில் இன்றும் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாட்டு வேலை வேறு, குதிரை வேலை வேறு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துப் படுக்க வைத்து, காலைக் கட்டி லாடம் அடிப்பார்கள். குதிரையை நிற்க வைத்தே செய்ய வேண்டும். மாட்டுக்குப் பிளவுபட்ட குளம்பு. ஒரு காலுக்கு இரண்டு தகடு. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு. அதன் உள்ளே இருக்கும் எலும்பும் சதையும் அமைந்திருக்கும் முறையே வேறு. காங்கயம் காளைக்குக் கை பழகியவர் குதிரைக் காலில் கத்தி வைத்தால், கெட்ட எண்ணம் இல்லாமலேயே குதிரையை நொண்டியாக்கி விடக் கூடும்.

ஆகவே குதிரை வைத்திருப்பவரே ஓரளவு கற்றுக் கொள்வதுதான் வழி. எவ்வளவு கற்றுக் கொள்ளலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தில் 1975ல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். பதிவு பெற்ற லாடக்காரர் தவிர வேறு யாரும் குதிரைக்கு லாடம் அடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அங்கே கூட, லாடம் அடிக்காத வெறுங்குளம்பைச் சொந்தக்காரர் சீர் செய்து கொள்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அதிலிருந்தே விளங்கும். ஆணி அடிப்பது தொழில். ராவிச் சீர் செய்வது பராமரிப்பு.

பழைய பாடம் ஒன்று

தமிழ்நாட்டுக்கு இது புதிய சங்கடமும் அல்ல. 13ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இங்கு நடந்த குதிரை வியாபாரத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அரபு நாட்டுப் பக்கமிருந்து கப்பலில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கும். ஓர் அரசரே ஆண்டுக்கு 2000க்கு மேல் வாங்குவார். ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சாது என்கிறார் அவர். எண்ணிக்கையில் அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். காரணமாக அவர் சொல்வதுதான் கவனிக்கத் தக்கது. இங்கே குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, லாடக்காரரும் இல்லை. குதிரை வியாபாரிகள் லாடக்காரரை அழைத்து வருவதில்லை. தானாக வருகிறவரையும் தடுத்து விடுவார்கள். குதிரை செத்தால்தானே மறு ஆண்டும் வியாபாரம் நடக்கும்! சமைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குப் போட்டார்கள் என்றும் அவர் எழுதுகிறார். சோற்று விஷயம் பின்னால் மறுபடியும் வரும்.

குளம்பு என்பது என்ன?

குளம்பை நம் விரல் நகத்துக்கு ஒப்பிடலாம். வெளியே தெரியும் கடினமான பகுதியைச் சுவர் என்று வைத்துக் கொள்ளலாம். அதில் ரத்தமும் இல்லை, உணர்ச்சியும் இல்லை, வெட்டினால் வலிக்காது. ஆனால் சுவருக்கு உட்பக்கம் நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகள் உள்ளன. அவை உயிருள்ளவை. குதிரையின் முழு எடையும் அந்த மடிப்புகளில்தான் தொங்குகிறது. அந்த எடையிலும் நூற்றுக்கு 60 பங்கு போல முன்னங்கால்கள் தாங்குகின்றன.

காலைத் தூக்கி அடியில் பார்த்தால் சுற்றிலும் சுவரின் விளிம்பு தெரியும். அதை ஒட்டி உட்புறம் மெல்லிய மஞ்சள் நிறக் கோடு ஓடும். இதற்கு வெள்ளைக்கோடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பார்க்க மஞ்சளாகத்தான் இருக்கும். கோட்டுக்கு உள்ளே, சற்றுக் குழிந்த தட்டு. அது உள்ளங்கால். குதிப் பக்கத்திலிருந்து நடுவை நோக்கி முக்கோணமாக, ரப்பர் போல் அழுந்தும் பகுதி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் இதற்குத் தவளை என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள்; இங்கும் தவளை என்றே சொல்லலாம். குதிரை அடி வைக்கும்போது தவளையும் அதன் மேலுள்ள மெத்தென்ற சதையும் அதிர்ச்சியை வாங்கிக் கொள்கின்றன. குளம்பு விரிந்து சுருங்குவதால் ரத்தம் மேலே ஏறவும் உதவி கிடைக்கிறது.

குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். நுனிப் பக்கம் மேலிருந்து கீழ் வரை முழுதும் புதிதாக வர ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும். குதிப் பக்கம் உயரம் குறைவு. நாலைந்து மாதத்தில் புதிதாகி விடும். தன் குதிரைக்கு எவ்வளவு வளர்கிறது என்று தெரிந்து கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. குளம்பு முளைக்கும் மயிர்க்கோட்டுக்கு ஒரு விரல் கீழே, வெளிச் சுவரில், அரத்தின் ஓரத்தால் ஆழமில்லாமல் சிறு கீறல் போட்டு வைக்கலாம். அது மாதாமாதம் கீழே இறங்குவதைப் பார்க்கலாம். ஆடியில் போட்ட கீறல் அடுத்த ஆடிக்குள் தரையை நெருங்கியிருக்கும். இன்று குளம்பில் தெரியும் பிளவு சில மாதங்களுக்கு முந்திய கவனக் குறைவின் விளைவு. இன்று செய்யும் நல்ல காரியத்தின் பலனும் சில மாதம் கழித்தே தெரியும். அவசரப்பட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்த முயல்வதால்தான் கேடு வருகிறது.

மேட்டுக் காட்டில் நாளெல்லாம் மேய்ந்து திரியும் குதிரைக்குக் குளம்பு வளரும் வேகமும் தேயும் வேகமும் ஏறக்குறைய சரியாகி விடும். அதற்கு மனிதன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கட்டிப் போட்ட குதிரைக்குத் தேய்மானமே கிடையாது. அதற்குத்தான் அரம் வேண்டும். நேர்மாறாக, நாள்தோறும் பாரம் ஏற்றித் தார் ரோட்டில் ஓடும் குதிரைக்கு வளர்வதைவிட அதிகமாகத் தேயும். அதற்கு லாடம் வேண்டும். அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டு விட வேண்டும். லாடம் அடித்திருக்கும் குதிரையின் லாடத்தைப் புதிதாகக் கற்பவர் நெம்பிக் கழற்றவும் கூடாது. சுவரின் வெளிப்பக்கம் மடக்கி விட்டிருக்கும் ஆணி முனைகளை நிமிர்த்தாமல் இழுத்தால் சுவரே துண்டாகப் பெயர்ந்து வரும்.

கத்தி வேண்டாம், அரம் போதும்

குளம்பு வேலைக்கு மூன்று ஆயுதங்கள் உண்டு. குறடு, வளைந்த முனையுள்ள கத்தி, அரம். குறடு ஒரு கடியில் அரை அங்குலம் எடுத்து விடும். எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது. கத்தி உள்ளங்காலைச் சீவச் சீவப் பளிச்சென்று அழகாகத் தெரியும். சீவுகிறவருக்கு ஆசை வந்து விடும். அழகு பார்த்துச் சீவிய உள்ளங்கால் மெலிந்து, அடுத்த நாள் ஜல்லி மேல் கால் வைக்க முடியாமல் குதிரை தவிக்கும். அரம் அப்படியல்ல. ஒரு இழுப்புக்கு ஒரு நூல் கூடப் போகாது. தப்புச் செய்தாலும் சிறிய தப்பாக இருக்கும். வீட்டில் கற்றுக் கொள்பவருக்கு அரமே போதும்.

இதில் கோவைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. பட்டறை இல்லாத தெரு குறைவு. ஃபிட்டர் வேலை படித்த எவருக்கும் முதலில் கையில் கொடுத்தது அரம்தான். இரண்டு கையால் பிடித்து, ஆட்டாமல், மட்டமாகத் தள்ளி ராவ வேண்டும் என்பதை அவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குளம்புக்கும் அதே கைப் பழக்கம்தான்.

குளம்பு அரம் சுமார் 14 அங்குல நீளம் இருக்கும். ஒரு பக்கம் முரட்டுப் பல், மறு பக்கம் நைசுப் பல். அது கிடைக்காவிட்டால் தச்சர் உபயோகிக்கும் பெரிய முரட்டு அரம் உதவும். இரும்பு ராவும் அரம் உதவாது. பல் உடனே அடைத்துக் கொள்ளும். இதோடு குளம்பு நோண்ட ஒரு கொக்கி வேண்டும். பழைய ஸ்குரு டிரைவரைப் பட்டறையில் கொடுத்து வளைத்து, முனையை மழுக்கி வாங்கிக் கொள்ளலாம். ஒரு கெட்டியான பிரஷ், தோல் கையுறை, முழங்காலுக்கு மேல் கட்டிக் கொள்ளப் பழைய தோல் அல்லது சாக்கு. செலவு அவ்வளவுதான்.

கால் தூக்கப் பழக்குதல்

அரம் வாங்கிய அன்றே வேலை தொடங்கக் கூடாது. முதல் பத்து, பதினைந்து நாள் வெறுமனே காலைத் தூக்கி, கொக்கியால் சுத்தம் செய்து, இறக்கி விட வேண்டும். அவ்வளவே. தினசரி செய்தால் குதிரையும் பழகும். ஆளும் குளம்பைப் பார்க்கக் கற்றுக் கொள்வார்.

இதற்குக் காலை நேரம் நல்லது. தரை மட்டமாக, வழுக்காமல் இருக்க வேண்டும். குதிரையின் தலையை அதற்குப் பழகிய ஒருவர் பிடித்துக் கொள்ள வேண்டும். கட்டுவதானால் ஓர் இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும். முன்னங்காலுக்கு, குதிரையின் வால் பக்கம் முகம் வைத்துத் தோளை ஒட்டி நின்று, கையைத் தோளிலிருந்து கீழே தடவிக் கொண்டே போய்க் கணுவுக்குக் கீழே பிடித்தால் பழகிய குதிரை தானே காலை எடுத்துக் கொடுக்கும். எடுத்த காலை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக் கொள்ளலாம். வெளிப்பக்கம் அகட்டி இழுக்கக் கூடாது. குதிரைக்குத் தோள் வலித்தால் உதறும். பின்னங்காலுக்கு இடுப்பை ஒட்டி நின்று, காலை முதலில் வயிற்றுப் பக்கம் முன்னால் கொண்டு வந்து, பிறகு பின்னால் நீட்டித் தொடை மேல் தாங்க வேண்டும்.

தரையில் உட்காருவதும் மண்டி போடுவதும் கூடவே கூடாது. உதை வாங்கியவர்களில் பலர் அப்படி உட்கார்ந்திருந்தவர்கள்தான். வேலை முடிந்ததும் காலைத் தொப்பென்று விடாமல் தரை வரை கொண்டு போய் வைக்க வேண்டும். குதிரை முரண்டு பிடித்தால் அடிப்பதில் பயனில்லை. கால் வலி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு காலைத் தூக்க மறுத்தால், எதிர்க்காலில் எடை தாங்க முடியாமல் இருக்கலாம்.

ராவும் முறை

முதலில் கொக்கியைக் குதியிலிருந்து நுனி நோக்கி இழுத்து மண்ணையும் சாணத்தையும் எடுக்க வேண்டும். நுனியிலிருந்து குதி நோக்கி இழுத்தால் தவளையின் பள்ளத்தில் குத்தி விடும். பிரஷ் போட்ட பின் குனிந்து பார்த்தால், சுவரின் விளிம்பு உள்ளங்காலைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பது தெளிவாகத் தெரியும். அந்த உயரம்தான் ராவ வேண்டியது. உள்ளங்காலே அளவுகோல், வேறு அளவுகோல் தேடத் தேவையில்லை.

அரத்தின் முரட்டுப் பக்கத்தைக் குதியிலிருந்து நுனி வரை மட்டமாக வைத்து நீளமாகத் தள்ள வேண்டும். இந்தப் பக்கம் நாலு இழுப்பு என்றால் அந்தப் பக்கமும் நாலு இழுப்பு. வலது கைக்காரர் தன்னை அறியாமலே ஒரு பக்கம் அதிகம் அழுத்துவார். நாலைந்து இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி, குளம்பைக் கண் மட்டத்தில் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று பார்க்க வேண்டும். சுவரின் விளிம்பு உள்ளங்காலைவிட ஒரு நூல் உயரமாக இருக்கும்போதே நிறுத்தி விடுவது நல்லது. உள்ளங்காலைக் கட்டை விரலால் அழுத்தினால் அழுந்துகிறதா? அன்றைக்கு அந்தக் காலில் அரமே வைக்கக் கூடாது. ராவும்போது இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் ஏற்கெனவே அளவு தாண்டியாயிற்று என்று பொருள்.

அடுத்து காலை முன்னால் கொண்டு வந்து ஒரு மரக்கட்டை மேல் வைத்து, விளிம்பின் வெளி ஓரத்தைச் சாய்வாக உருட்டி விட வேண்டும். கூரான ஓரம் இருந்தால் கல்லில் பட்டுச் சில்லு பெயரும். அந்தச் சில்லிலிருந்துதான் பிளவு மேலே ஏறும். உருட்டி விட்ட ஓரம் பெயராது. வீட்டில் செய்யும் வேலையில் மிகவும் பலன் தருவது இதுவே. சுவரின் வெளிப்பக்கம் முழுவதையும் மேலிருந்து கீழ் வரை பளபளவென்று ராவுவது மட்டும் வேண்டாம். சுவர் மெலியும், ஈரம் காக்கும் மேற்பூச்சும் போய் விடும்.

முடித்த பிறகு குதிரையை மட்டமான தரையில் நிறுத்தி, ஐந்தாறு அடி தள்ளிப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். குளம்புக்கு மேலே சரிந்து வரும் கணுவின் சாய்வும் குளம்பின் முன்பக்கச் சாய்வும் ஒரே கோடாக இருந்தால் சரி. குளம்பு கணுவைவிடப் படுத்துக் கிடந்தால் நுனி நீண்டிருக்கிறது. செங்குத்தாக நின்றால் குதி உயர்ந்திருக்கிறது. இதைத் திருத்த வேண்டுமானாலும் ஒரே முறையில் குதியை இறக்கி விடக் கூடாது. பின்புற நரம்பு இழுத்துக் கொண்டு குதிரை நொண்டும். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும். கால் கோணலாகவே வளர்ந்த குதிரையை அரத்தால் நேராக்க நினைப்பதும் வீண். வயது வந்த குதிரையின் எலும்பு அமைப்பு அப்படியே இருக்கும். குளம்பை மட்டும் திருப்பினால் மூட்டு கெடும்.

லாடக்காரர் வந்து செய்வதானால் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை என்பது வழக்கம். சொந்தமாகச் செய்கிறவர் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் செலவழித்தால் போதும். முதல் ஒன்றிரண்டு தடவை, தெரிந்த லாடக்காரரையோ கால்நடை மருத்துவரையோ பக்கத்தில் வைத்துக் கொண்டு செய்வது அவசியம். எழுத்தைப் படித்துக் கை பழகாது.

தரையும் தீனியும்

சிமெண்டுத் தரையில் மூத்திரம் தேங்கினால் தவளையின் பள்ளம் அழுகும். கறுப்பாகக் கசிந்து, துர்நாற்றம் அடிக்கும். கொக்கி போட்டதும் மூக்குக்கே தெரிந்து விடும். கொட்டகைக்கு வாட்டம் கொடுத்து, தினம் கழுவி, உலர வைத்தாலே பாதி நோய் போகும். கழிவு ஆயில் பூசுவது, மயில்துத்தப் பொடியை அப்படியே புண்ணில் திணிப்பது முதலிய கை வைத்தியங்கள் நல்ல சதையையும் எரித்து விடும். மருந்தை மருத்துவரிடம் கேட்டுப் போட வேண்டும்.

கிறிஸ்து பிறப்பதற்குச் சுமார் 350 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க நாட்டில் செனபன் என்ற படைத்தலைவர் குதிரை வளர்ப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். அக்காலத்தில் அங்கே ஆணி லாடம் கிடையாது. குதிரை நிற்கும் முற்றத்தில் கைக்கு அடங்கும் உருண்டைக் கற்களை நாலைந்து வண்டி கொட்டிப் பரப்பி வைத்தால், அதன் மேல் நின்று நின்று குளம்பு உறுதிப்படும் என்பது அவர் சொன்ன யோசனை. இன்றும் பல நாடுகளில் சிறு கூழாங்கல் பரப்பி இதையே செய்கிறார்கள். உக்கடத்துச் சந்தில் வண்டிக் கணக்கில் கல் கொட்ட இடம் இராது. கொட்டகை வாசலில், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால், நாலுக்கு ஆறு அடி இடம் ஒதுக்கினாலும் பலன் உண்டு. தண்ணீர் குடிக்க வரும்போதெல்லாம் அதன் மேல்தான் நிற்க வேண்டியிருக்கும்.

தீனி விஷயத்தில் கல்யாணக் குதிரைக்குத் தனி ஆபத்து. மண்டபத்தில் மிஞ்சிய சோறு, இனிப்பு எல்லாம் பிரியத்தோடு வாயில் திணிக்கப்படும். மாவுச்சத்து திடீரென்று மிகுதியானால் குடலில் கோளாறு ஏற்பட்டு, அதன் விளைவு குளம்பில் வந்து விடியும். சுவருக்குள் இருக்கும் உயிருள்ள மடிப்புகள் வீங்கி, பிடிப்பு விட்டு விடும். முற்றினால் உள்ளே இருக்கும் எலும்பு கீழே இறங்கி விடும். அதன் பிறகு எந்த அரமும் உதவாது. கொள்ளானாலும் கம்பானாலும் அளவோடு, பசும்புல்லும் சோளத்தட்டும் பிரதானமாக இருக்க வேண்டும்.

குட்டிக்குப் பிறந்த சில வாரத்திலேயே கால் தூக்கிக் காட்டிப் பழக்கினால் பிற்காலத்தில் இரண்டு ஆள் வேலை மிச்சம். இரண்டு மூன்று மாதத்திலிருந்து மாதம் ஒரு முறை குளம்பைப் பார்க்க வேண்டும். குட்டியின் கால் கோணலாகத் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். திருத்தக் கூடிய காலம் சில மாதங்கள்தான்.

எப்போது கை வைக்கக் கூடாது?

குளம்பைத் தொட்டால் சூடாக இருக்கிறது, கணுவின் பின்புறம் விரல் வைத்தால் நாடி திம் திம் என்று அடிக்கிறது, முன்னங்கால்களை முன்னே நீட்டி எடையைப் பின்னால் சாய்த்து நிற்கிறது, நகர மறுக்கிறது. இப்படி இருந்தால் மேலே சொன்ன மடிப்பு வீக்கமாக இருக்கலாம். இது அவசர நிலை. அரத்தை ஓரமாக வைத்து விட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். நேற்று நன்றாக ஓடிய குதிரை இன்று ஒரு காலைத் தரையில் வைக்கவே மறுத்தால், குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம். அதைத் திறப்பதும் மருத்துவர் வேலையே. நொண்டும் குதிரையை வேலை வாங்குவது 1960ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைகளும் பட்டறைகளும் நிறைய. ஆணியும் கம்பித் துண்டும் ரோட்டில் கிடக்கும். ஆகவே வெளியே போய் வந்ததும் நாலு காலையும் தூக்கிப் பார்ப்பது தினசரிப் பழக்கமாக வேண்டும். ஆணி ஏறியிருந்தால், குதிரையை நகர்த்தாமல், முடிந்தால் அப்படியே வைத்து மருத்துவரை வரவழைப்பது நல்லது. எந்த இடம், எவ்வளவு ஆழம் என்பதை அவர் பார்க்க முடியும். கால் ஊன்றினால் மேலும் ஏறும் நிலையில் இருந்தால் மட்டும் எடுத்து விட்டு, ஏறிய இடத்தையும் திசையையும் அடையாளம் வைத்துக் கொள்ள வேண்டும். எடுத்த ஆணியை எறியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆணி குத்தினாலும், ராவும்போது ரத்தம் வந்தாலும், ரண ஜன்னி அபாயம் உண்டு. வளர்ப்புப் பிராணிகளில் இந்த நோய்க்கு மிக எளிதில் பலியாவது குதிரைதான். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. முதலில் நாலு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. அரம் வாங்கும் முன்பே இதைப் போட்டு விட வேண்டும். அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் விவரம் கிடைக்கும். குதிரை நடக்க முடியாமல் கிடந்தால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். கோவை சரவணம்பட்டியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அங்கே போகிறவர்கள் குதிரையின் நாலு குளம்பையும் அடிப்பக்கமும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்துக் கொண்டு போனால், வாயால் விளக்கும் சிரமம் பாதியாகக் குறையும்.